அடிமாட்டு விலைக்கு இல்லை

அந்தத் தெருவில் சலவைக்கடைக்காரிக்கு ‘பாய்லர்’ என்று பெயர். கடையின் பின்கட்டில் நீராவி இஸ்திரிக்காக ஒரு பாய்லர் இருந்தது உண்மைதான். ஆனால் பெயர் அதனால் வரவில்லை. வீட்டிலேயே பட்ட மைக்கறையைச் சலவையில் பட்ட கறை என்று சாதித்த ஒரு வாடிக்கையாளரை, சட்டையும் கையுமாக அவள் வாசல்வரை விரட்டிய நாளில் எதிர்க்கடைப் பூட்டுக்காரர் வைத்தது அது. அவள் காதுபடவே சொல்வார்கள். அவளும் வேண்டாம் என்றதில்லை.

எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிறவள் அல்ல. மழையில் துணி நனைந்தால் கோபப்பட மாட்டாள், வேலைக்காரப் பெண் பொத்தானை உடைத்தால்கூடப் பொறுத்துக்கொள்வாள். யாராவது அவள் தலையில் மிளகாய் அரைக்கப் பார்த்தால்தான் கொதிப்பு ஏறும். அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் ஒரு பெரிய விடுதியின் நிலவறையில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலைக்குப் போனவள் அவள். ஒரு மேற்பார்வையாளன், யாரோ கருக்கிய விரிப்புக்கெல்லாம் அவள் சம்பளத்தில் பிடித்தான். அப்பா இல்லாத பெண், வேறு போக்கிடம் கிடையாது, கேட்க ஆளில்லை என்று அவனுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு பிடித்தான் என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. அந்த வேலையை விட்டு, ஒரு இஸ்திரிப்பெட்டியும் ஒரு மேசையுமாகத் தனியாகத் தொடங்கிய கடை இன்று மூன்று அறைக்கு வளர்ந்திருக்கிறது.

கடை வளர்ந்ததில் பாதிப் பங்கு காருக்கு. சாம்பல் நிறத்தில், பின்னிருக்கையை மடித்தால் நாலு பெரிய கூடை வைக்கிற மாதிரியான கார். புதிதாகவே வாங்கினாள். புருஷன் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த மனிதர், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. அதனால் மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி எடுக்கவும் கொடுக்கவும் அவளே ஓட்டினாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அந்தக் காரில்தான். மகள் இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள்.

பிறகு ஒருநாள், வாரம் தவறாமல் போய்வந்த ஒரு மருத்துவமனையின் வாசல் தூணில் காரின் இடது பக்கத்தைத் தேய்த்தாள். தூணை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்றாள். இரண்டு மாதம் கழித்து அதே தூணில் மறுபடி உரசியபோது மகள் பக்கத்தில் இருந்தாள். தூண் அங்கேயேதான் இருந்தது, அம்மாவுக்குத்தான் தெரியவில்லை என்பது மகளுக்குப் புரிந்துவிட்டது. கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இடது ஓரத்துப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், இனி வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்றார்.

அவள் டாக்டரோடும் சண்டை போட்டாள். அவர் பாவம், சுவரில் மாட்டியிருந்த கண் படத்தைக் காட்டி மறுபடி முதலிலிருந்து சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மருந்துக் குப்பியைச் சாமான் அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். ஞாபகம் வந்தால் போட்டுக்கொண்டாள். பெரும்பாலும் ஞாபகம் வர விடவில்லை. இதை வெளியில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டாள். வீட்டில் என்றால் புருஷன், மகள், அப்புறம் அடிக்கடி வந்துபோகும் கொழுந்தன்.

கொழுந்தன் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். காரை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டதும் அன்றே வந்துவிட்டான்.

“நாலரை லட்சம் கிடைச்சாலே பெரிய விஷயம் அண்ணி. இந்த மாடலை இப்ப யாரும் சீந்தறதில்ல. நீங்க அலைய வேண்டாம், நானே ஆள் அனுப்பறேன்” என்றான். காட்டுவதற்கு வசதியாக இருக்கும் என்று இன்னொரு சாவியையும் வாங்கிக்கொண்டு போனான்.

நாலரை எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டதற்கு, அனுபவம் என்றான். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு போர்வைக்கு இவ்வளவு கூலி என்றால், எடை இவ்வளவு, சோப்பு இவ்வளவு, உலர நேரம் இவ்வளவு என்று சொல்லத் தெரிந்தவள் அவள். காருக்கு மட்டும் விலை ஆகாயத்திலிருந்து விழுமா என்ன?

கடை மூடிய பிறகு அவளும் மகளும் இஸ்திரி மேசையில் உட்கார்ந்து, மகளின் போனில் விற்பனை விளம்பரங்களைத் தேடினார்கள். அதே மாடல், அதே வருஷம், கிட்டத்தட்ட அதே ஓட்டம். ஒருவர் ஏழரை கேட்டிருந்தார். அவளுக்கு ஒரு நிமிஷம் மனம் குளிர்ந்தது. அப்புறம் சந்தேகம் வந்தது. கேட்கிற விலை வேறு, கைக்கு வருகிற விலை வேறு இல்லையா? வாங்குகிறவள் மாதிரிப் பேசி ஒவ்வொருவரையும் கூப்பிட்டாள். ஏழரைக்காரர் நாலு மாதமாக அந்த விளம்பரத்தோடு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. சிலர் பாதியில் போனை வைத்தார்கள். ஏற்கெனவே விற்றுவிட்ட ஒரு ஆசிரியர் மட்டும், ஏழு சொல்லி ஆறரைக்குக் கொடுத்ததாக மறைக்காமல் சொன்னார். இன்னும் இரண்டு பேர் சொன்னதும் அதையொட்டியே வந்தது.

ஆக, நல்ல நிலையில் இருந்தால் ஆறரை. அங்கிருந்து கூட்டிக் கழித்தாள். முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, கழி. கூடை இடித்து இடித்துப் பின்னிருக்கை கிழிந்திருக்கிறது, கழி. பேட்டரி புதுசு, கூட்டு. ஒரு சர்வீஸ்கூடத் தவறவில்லை, எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது, அதற்கும் கொஞ்சம் கூட்டு. ஆறே கால் வந்தது. பேரம் பேசுகிறவனுக்காக மேலே ஏற்றி வைக்க அவளுக்கு இஷ்டமில்லை. விலை என்றால் விலை.

“இடது பக்கம்?” என்றாள் மகள்.

உரசல் இரண்டையும் ஒரு பட்டறையில் கொடுத்துத் தட்டி, பெயிண்ட் அடித்து வைத்திருந்தாள். பார்த்தால் தெரியாது. கார் என்றால் கீறல் இருக்கத்தான் செய்யும், அதையெல்லாம் எவன் கணக்கில் சேர்க்கிறான் என்று அவள் எகிறியதில் மேசை ஆடியது. மகளுக்கு அந்தக் குரல் பழக்கம். போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தூணின் கதையைக் கணக்கில் எழுதினால் கண்ணின் கதையையும் எழுத வேண்டும். அதற்கு அம்மா தயாராக இல்லை.

விளம்பரம் போட்ட வாரமே கொழுந்தன் அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தவன் நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தான், கதவைத் திறந்து திறந்து மூடினான், நாலரை என்றான். அவள் ஆறே காலுக்குக் கணக்குச் சொல்லத் தொடங்கினாள். அவன் காது கொடுக்காமல் பல் குத்திக்கொண்டு நின்றான். அடுத்து ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர்கள் இன்ஜினைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. நாலரை, இப்போதே கையில் தருகிறோம் என்றார்கள். காரைப் பார்க்காமலே விலை சொல்கிறார்களே, இது எந்த ஊர் நியாயம் என்று அவள் அன்று முழுக்கக் கடையில் பொரிந்து தள்ளினாள். கொழுந்தனோ போனில், நான் அப்பவே சொன்னேனே அண்ணி, சந்தை அப்படி இருக்கு என்று பெருமூச்சு விட்டான்.

மூன்றாவதாக வந்தவர் பருத்த ஆள், நல்ல மனுஷர் போலத்தான் பேசினார். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

“கண்ணும் தெரியாம இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்கம்மா. நாலரைக்குக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க.”

அவள் கையில் ஒரு துண்டு இருந்தது. அதை நாலாக மடித்தாள். கொதித்துச் சத்தம் போடுகிறவள், அப்போது சத்தமே போடவில்லை. நேராகப் போய், அவர் வந்த வண்டியின் கதவை மறித்து நின்றாள்.

“என் கண்ணைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது?”

அவர் மென்று விழுங்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவள் நகரவில்லை. எதிர்க்கடைப் பூட்டுக்காரர் வேறு சுத்தியலைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து நின்றார். கடைசியில் அந்த ஆள் கக்கிவிட்டார். உங்கள் கொழுந்தன்தான் சொல்லி அனுப்பினார், நாலரைக்கு மேல் போகாதே, அண்ணிக்கு வேறு வழியில்லை, நாலு பேர் ஒரே விலை சொன்னால் அவர்களே இறங்கி வந்துவிடுவார்கள் என்றார். வாங்கியதும் காரை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், தமக்கு ஏதோ கைச்செலவுக்குக் கிடைக்கும், மற்றபடி தமக்கு இதில் ஒன்றுமில்லை.

மத்தியானம் சாப்பிட வந்த புருஷனிடம் சொன்னாள். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவி, சட்டையை மாட்டினார். இருவரும் பஸ்ஸில் போனார்கள். ஏறும்போது இடது பக்கம் யாரோ வைத்திருந்த ஒரு பையைப் பார்க்காமல் இடித்துவிட்டாள். பைக்காரன் முகம் சுளித்தான். தன் கார் சும்மா வாசலில் நிற்க, தான் இப்படி முட்டி மோதிக்கொண்டு போவது அவள் கோபத்தில் இன்னும் ஒரு கரண்டி எண்ணெயை ஊற்றியது.

கொழுந்தன் கடையில் இரண்டு மெக்கானிக்குகள் சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாங்க அண்ணி என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. பருத்த ஆள் சொன்னதை வரி பிசகாமல் சொன்னாள். அவன் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சமாளித்துக்கொண்டது. வெளியாள் எவனோ லாபம் பார்ப்பதற்குப் பதிலாகக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தானாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றான்.

“வேற வழியில்லாம விக்கிறவங்க சாமானுக்கு விலை கம்மிதான் அண்ணி. நான் தினம் பார்க்கிறேன். உலகம் அப்படித்தான்.”

நிலவறை மேற்பார்வையாளனின் முகம் மறந்துபோய் வெகுகாலமாகியிருந்தது. குரல் மட்டும் இதே குரல்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

“கண்ணு கெட்டது எனக்கு. காருக்கு இல்ல” என்றாள். “காரைப் பார்த்து விலை சொல்லு. நாலரைன்னு காரைப் பார்த்துச் சொல்லியிருந்தா நான் பேரம் பேசியிருப்பேன். நீ என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்ன. அடிமாட்டு விலை காருக்கு வெச்சதில்ல, எனக்கு வெச்சது.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வாங்க தம்பி, போங்க தம்பி என்றே பேசியவள். அன்றுதான் முதல் முறையாக அவனை நீ என்றாள். மெக்கானிக்குகள் கையில் எடுத்த சாமானைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார்கள். கொழுந்தனுக்கு அந்த நீ சுட்டிருக்க வேண்டும். அவனும் ஒரு ஊசியை எடுத்தான்.

“நியாயம் பேசறீங்களே அண்ணி. இடது பக்கம் தட்டி பெயிண்ட் அடிச்சதை விளம்பரத்துல போட்டீங்களா? பட்டறைக்காரன் பெயிண்ட் வாங்கினது என் கடையிலதான்.”

அவளுக்கு வாய் அடைத்துப்போனது. அவளை நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அந்த மௌனத்தில்தான் புருஷன் ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினார்.

“சாவியைக் குடு.”

எந்தச் சாவி அண்ணா என்று தம்பி இழுத்தான். அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. கல்லாப்பெட்டியிலிருந்து கார் சாவி வந்தது.

“இனிமே வீட்டுப் பக்கம் வரணும்னா அண்ணிகிட்ட கேட்டுட்டு வா” என்றார். திரும்பும் பஸ்ஸில் அவளுடைய இடது பக்கமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் கடையில் எல்லாரும் அவள் பக்கம் போகாமல் ஒதுங்கியே வேலை செய்தார்கள். கொழுந்தன் செய்த துரோகத்தைவிட, அந்தத் துரோகி சொன்ன ஒரு வார்த்தை உண்மையாக இருந்ததுதான் அவளை வறுத்தெடுத்தது. பொய்யன் பொய் சொன்னால் திட்டித் தீர்த்துவிடலாம். அவன் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? இஸ்திரிப்பெட்டியைத் துணிமேல் அவள் வைத்த வேகத்துக்கு ஒரு மேசை விரிசல் விட்டது.

கடைசியில் பட்டறைக்காரரைக் கூப்பிட்டாள். வாங்க வருகிறவன் இதைக் கண்டுபிடித்தால் எவ்வளவு குறைப்பான், மழுப்பாமல் சொல் என்றாள். அவர் ஒரு தொகை சொன்னார். அவர் சொன்னதையே நம்பிவிடாமல், முன்பின் தெரியாத இன்னொரு பட்டறைக்காரரையும் வரவழைத்துக் காட்டினாள். அவர் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார். கூடுதலையே எடுத்துக்கொண்டாள். ஆறே காலில் அரை போய் ஐந்தே முக்கால் ஆயிற்று. கழிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள், மகளுக்கே கேட்டது.

புது விளம்பரத்தை அவள் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். இடது பக்கம் இரண்டு முறை தூணில் உரசி, தட்டி பெயிண்ட் அடித்தது, பார்த்து வாங்கவும். முன் டயர் மாற்ற வேண்டும். விலை ஐந்தே முக்கால், இதெல்லாம் கழித்த பிறகுதான். நாலரைக்காரர்கள் வர வேண்டாம். கடைசி வரி வேண்டாம்மா என்று மகள் கெஞ்சினாள். அந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடி.

சிலர் போனில் விசாரித்துவிட்டு வராமல் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு இளம் நர்ஸ் தன் மாமாவோடு வந்தாள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் இருக்கிற நோயாளிகளைப் பார்க்கிற வேலை. லைசன்ஸ் எடுத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாமா குனிந்து நிமிர்ந்து எல்லாம் பார்த்தார். இடது பக்கத்தில் விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். ஓட்டிப் பார்க்கலாமா என்றார்கள்.

நர்ஸ் ஓட்ட, அவள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்ததே இல்லை. காலுக்குக் கீழே மிதிக்க ஒன்றுமில்லை என்பது பெரிய எரிச்சலாக இருந்தது. முதல் திருப்பத்தில் கியர் பெட்டி கரகரவென்று அலறியது. அது தன் தொண்டையிலிருந்து வந்தது போல் அவள் துடித்தாள்.

“கிளட்ச்சை முழுசா மிதிம்மா. அது உன்னைக் கடிக்காது.”

பின்னால் இருந்த மாமா சிரித்தார். நர்ஸ் பயப்படவில்லை. சரிங்கம்மா என்று முழுசாக மிதித்தாள். கார் வழுக்கிக்கொண்டு போயிற்று.

திரும்பி வந்ததும் மாமா தேய்ந்த டயரைக் காட்டி ஐந்து என்றார். டயரை ஏற்கெனவே கழித்தாயிற்று, ஒரே டயருக்கு எத்தனை முறை கழிப்பது என்றாள். கணக்கை முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். மாமா தாடையைச் சொறிந்தார். நர்ஸ்தான், எல்லாம் சரி, இவ்வளவு நன்றாக வைத்திருந்த காரை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டாள்.

அவளுக்கு ஜிவ்வென்று ஏறியது. சொல்லாமல் இருந்திருக்கலாம், கடைக்கு வேறு வண்டி வருகிறது என்று ஏதாவது அளந்திருக்கலாம். நிமிர்ந்து நின்று, இடது பக்கம் கண் தெரியவில்லை, அழுத்தம், டாக்டர் ஓட்டக் கூடாதென்றுவிட்டார் என்று சொன்னாள். சொல்லிவிட்டு, இப்போது சொல் உன் நாலரையை என்பது போல முறைத்தாள்.

“சொட்டு மருந்து வேளாவேளைக்குப் போடறீங்களா?” என்று கேட்டாள் நர்ஸ்.

இந்தக் கேள்விக்கு அவளிடம் தயாராக எந்தச் சண்டையும் இல்லை. போடுகிறேன் என்றாள். மகள் உள்ளேயிருந்து, இல்லை என்றாள். மீதியைக் காப்பாற்றுவது அந்தச் சொட்டு மட்டும்தான், ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று நர்ஸ் அமைதியாகச் சொன்னாள். பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, ஐந்தே முக்காலே கொடுத்துவிடலாம் மாமா, எல்லாம் சொல்லித்தான் விற்கிறார்கள் என்றாள்.

பேப்பர் மாற்றுகிற வேலையெல்லாம் முடிந்து கார் போனது. தெரு முனையில் திரும்பும்போது கியர் மறுபடி ஒரு முறை அலறியது. அவள் வாசலில் நின்று, முழுசா மிதின்னு சொன்னேனே என்று யாருக்கும் கேட்காமல் திட்டினாள். நேற்றுப் பிறந்த பெண் தனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகிறாளே என்றும் திட்டினாள். அன்று சாயந்திரம் மேல்தட்டிலிருந்து குப்பியை எடுத்து மகளிடம் நீட்டி, அண்ணாந்து உட்கார்ந்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்ததற்கு மகளுக்கும் ஒரு திட்டு கிடைத்தது. இப்போதெல்லாம் ஒரு வேளையும் தவறுவதில்லை.

துணி கொண்டுபோக ஒரு வாடகை வேன் ஏற்பாடாகியிருக்கிறது. அந்த ஓட்டுநர் வேகமாகத் திரும்புகிறான் என்று தினமும் ஒரு பாட்டு அவனுக்கு. கொழுந்தன் தன் பெண்டாட்டியைச் சமாதானத்துக்கு அனுப்பினான். வந்தவளுக்கு டீ கொடுத்து, நல்ல வார்த்தை பேசி அனுப்பினாள். அவனோடு மட்டும் இன்றுவரை பேச்சு இல்லை. கேட்டால், விலை சொல்லத் தெரியாதவனோடு என்ன பேச்சு என்பாள்.

கார் போன மறுநாள் காலையில் கடையைத் திறந்தபோது, அவள் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் யாரோ ஒருவன் தன் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தாள். பாதித் தூரம் போன பிறகுதான், அங்கே நிறுத்தத் தன்னிடம் இனி ஒன்றுமில்லை என்பது உறைத்தது. ஒரு நொடி நின்றாள். பிறகு போய், கடைவாசலை மறிக்காதே, எடு வண்டியை என்று அவனை ஒரு பிடி பிடித்தாள்.